நீலத்தை முழுவதும் பிரிக்கவும்

நான் எழுதிக் கொடுக்கும் தையல் வழிகாட்டி எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. ஒரு ஏ4 தாள், இடது ஓரத்தில் வரி எண், அவ்வளவுதான். குருபோங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் வந்த பழக்கம் இது. இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே வேலைக் குறிப்பு எழுதினேன். எந்தத் திருகை முதலில் முடுக்குவது, எந்தக் கம்பியை எந்தப் பக்கம் வளைப்பது என்று மேசைக்கு மேல் ஒட்டி வைக்கும் தாள். திருப்ப வேண்டிய தாளாக இருந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள். இரண்டு பொருள் தரும் சொல் இருந்தால் தவறான பொருளைத்தான் முதலில் எடுப்பார்கள். புதிதாகக் குறிப்பு எழுத வருபவர்களுக்கு இதை நானே பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறிப்போன பிறகு வீட்டில் கேன்வாஸ் தையலில் உட்கார்ந்தேன். கேன்வாஸ் என்பது வரிசை வரிசையாகக் கண் விட்ட முரட்டுத் துணி. அதன் மேல் ஒரு படம் வண்ணத்தில் வரைந்திருக்கும். அந்தப் படம் முழுவதையும் நூலால் மூட வேண்டும். எந்த இடத்துக்கு எந்தத் தையல், எத்தனை இழை, எங்கே தொடங்குவது என்பதெல்லாம் படத்தில் இருக்காது. அதைச் சொல்வதுதான் வழிகாட்டி. கடையில் ஆங்கிலத்தில் அச்சடித்தது கிடைக்கும், எல்லாருக்கும் ஒன்றே. நான் எழுதுவது ஒருவருக்கு மட்டும். அவர் வீட்டுக்குப் போய், எந்த நாற்காலியில் உட்காருகிறார், வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, விரல் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு வந்து எழுதுவேன். ஒரே ரோஜாப் படத்துக்கு மூன்று பேருக்கு மூன்று வழிகாட்டி எழுதியிருக்கிறேன்.

புக்கிட் காத்திலிலிருந்து அந்த அக்கா கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. வயது அறுபத்தாறு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தங்கையும் அப்படியே. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்கை இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

போனபோது முன் அறை மேசையில் சட்டம் போட்ட கேன்வாஸ் தயாராக இருந்தது. ஒரு சன்னல், சன்னல் விளிம்பில் மஞ்சள் பூச்சட்டி, வெளியே பச்சைக் கரை, கடல், அதற்கு மேல் வானம். கடல் மட்டும் தைத்து முடிந்திருந்தது. ஒரு சாண் அகலம், அரைச் சாண் உயரம். மீதியெல்லாம் வெறும் வண்ணம்.

"இது அவ தைச்சது," என்றார் அக்கா. "ஏழு மாசம். டயாலிசிஸ் நாற்காலியில உட்கார்ந்துகிட்டே. வலது கையில ட்யூப், இடது கையில ஊசி. நல்லவேளை அவ இடது கைக்காரி."

"நீங்க இதுக்கு முன்னால தைச்சிருக்கீங்களாக்கா?"

"முப்பத்திநாலு வருஷம் ஊசியோடதான் இருந்தேன், பிள்ளை. ஆனா அந்த ஊசியில நூல் போகாதே." சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "அவ இருந்தப்ப கேலி செய்வா. அக்கா, நீ பொத்தான் தைச்சா அடுத்த நாள் பொத்தான் உன்கிட்டயே திரும்பி வந்துடும்ன்னு."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கை தைத்த கடல் அப்படியே இருக்க வேண்டும். மீதியை அவரே தன் கையால் முடித்து, ஆண்டு நினைவு ஜெபத்துக்கு முன்னால் சட்டம் போட்டு, தங்கை படுத்த அறையில் மாட்ட வேண்டும்.

"கடல்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. மிச்சத்தை நான் எவ்வளவு கோணலா தைச்சாலும் பரவாயில்லை."

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் கடலைப் பார்த்தேன். ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்குக் குறுக்கே சாய்ந்து போகும் சின்னத் தையல். எல்லாரும் தைத்தால் வலப்பக்கம் சாயும். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஓரிடத்தில்கூட மாறவில்லை. "சாய்வு மாறியிருக்குக்கா," என்றேன். அதை வியப்பாகத்தான் சொன்னேன். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவும் இடப்பக்கம் சாய்த்தே தைக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு கையும் ஒட்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பிறகு அக்காவின் கைகளைப் பார்த்தேன். காலையில் விரல் மூட்டு விறைப்பு. பத்து மணிக்குத் தளரும். வலது கண்ணில் புரை தொடங்கியிருந்தது. எழுத்து பெரிதாக வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"இங்கிலீஷா, தமிழாக்கா?"

"தமிழ்லயே எழுதுங்க. அவ தைக்கிறப்ப தமிழ்லதான் எண்ணுவா. ஆஸ்பத்திரியில எல்லாம் இங்கிலீஷ், கடையில மலாய். எண்றதுக்கு மட்டும் தமிழ்."

வழிகாட்டியை இரண்டு நாளில் எழுதினேன். நிறம் வாரியாகப் பிரித்து, நீலம், பச்சை, மஞ்சள் என்று தலைப்பு. நீலம் என்றால் அவர் தைக்க வேண்டிய வானம். கடலுக்கும் வானத்துக்கும் தங்கை ஒரே நீல நூல்தான் வாங்கி வைத்திருந்தார். அந்த நூல் ஆறு இழை சேர்ந்தது. அப்படியே கோத்துத் தைத்தால் முறுக்கிக்கொண்டு மேடு பள்ளமாக நிற்கும். ஆறு இழையையும் தனித்தனியாக உருவி, மூன்று மூன்றாக மறுபடி சேர்த்துத் தைத்தால்தான் தட்டையாகப் படியும். புதிதாகத் தைப்பவர்கள் இந்த வேலையைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். அதனால் பதினோராவது வரியில் இதைக் கண்டிப்பாகச் சொல்ல நினைத்தேன்.

முதலில் எழுதியது இது: "நீல நூலின் ஆறு இழைகளையும் தனித்தனியாகப் பிரிக்கவும். பிறகு மும்மூன்றாகச் சேர்த்துத் தைக்கவும்." அக்காவின் கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கியதும் இந்த வரி அடுத்த வரிக்கு வழிந்தது. பக்கத்தின் அடியில் கடைசி வரி அடுத்த தாளுக்குப் போய்விட்டது. அதனால் சொற்களைக் குறைத்தேன். "நீலத்தை முழுவதும் பிரிக்கவும். பிறகு மும்மூன்றாகச் சேர்த்துத் தைக்கவும்." பக்கம் சரியாக உட்கார்ந்தது. எனக்கு அதில் திருப்தியாகக்கூட இருந்தது.

ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள் நான். பிரி என்றால் என் மனதில் முதலில் வருவது கயிறு. அப்பா மாட்டுக் கயிற்றைப் பிரி பிரியாக்கித் திரிப்பார். அக்காவின் வீட்டில் அம்மா கவுன் தைத்துப் போடுபவர். அளவு தப்பினால் "அதைப் பிரி" என்பாராம். அங்கே பிரிப்பது என்றால் தைத்ததைப் பிரிப்பது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு காரியத்துக்கும் இரண்டு சொல் இருக்கிறது. தமிழில் எழுதும்போது நூல், இழை என்ற சொற்கள்தான் அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. இடம் போதவில்லை என்று நான் எடுத்தது அந்தச் சொற்களைத்தான்.

கடலைத் தொட வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை. செய்ய வேண்டியதை மட்டும்தான் வழிகாட்டியில் எழுதுவேன். தலைப்புக்குக் கீழே, எல்லாருக்கும் போடுவதுபோல, இந்த வரியும் இருந்தது: "எழுதியிருப்பதை மட்டும் செய்யவும். சொந்த யோசனை வேண்டாம்."

வழிகாட்டியைக் கொடுத்த மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் கிளினிக்கில் இருந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை அளவு பார்க்கும் நாள். எங்கள் வரிசை எண்ணைக் கூப்பிடப் போகிறார்கள் என்று பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"பிள்ளை, பதினோராவது வரி. நீலத்தை முழுசா பிரிக்கணுமா?"

"ஆமாக்கா. முழுசா பிரிங்க. அப்பதான் தட்டையா படியும்."

"கொஞ்சம் விட்டு வைக்கலாமா?"

"பாதி பிரிச்சு பாதி பிரிக்காம விட்டா நல்லாவே தெரியும்க்கா. அசிங்கமா போயிடும்."

"எனக்கு மனசே வரல, பிள்ளை," என்றார்.

சோம்பல் என்று நினைத்தேன். எல்லாரும் இழை உருவுவதற்கு இப்படித்தான் அலுத்துக்கொள்வார்கள். "பொறுமையா செய்யுங்க. ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்லைலா," என்றேன். "ஓம், சரி," என்று வைத்துவிட்டார். அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 10.20. பு. காத்தில் அக்கா. நீலம் பற்றிச் சந்தேகம். தெளிவுபடுத்தினேன்."

அடுத்த அழைப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. "பிரிச்சு முடிச்சிட்டேன். வந்து பார்த்து அடுத்தது சொல்லுங்க." மூன்று வாரமா, இழை உருவ எதற்கு இவ்வளவு நாள் என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் விட்டார். வெளியே காரிலேயே இருந்துவிட்டார்.

மேசையில் அதே சட்டம், அதே இடத்தில். கடல் இருந்த இடத்தில் கேன்வாஸின் வெறும் நீல வண்ணம் தெரிந்தது. துணியின் கண்கள் கொஞ்சம் அகன்று இருந்தன. ஒரு தையல்கூட மிச்சமில்லை.

சட்டத்துக்குப் பக்கத்தில் சின்னப் பிளாஸ்டிக் பைகள் வரிசையாக இருந்தன. லேபில் மாதிரி போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி. பத்தொன்பது பை. ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் தேதி, வரிசை எண், அழகான சின்ன எழுத்தில். உள்ளே பிரித்தெடுத்த நீல நூல், வேகவைத்த மீ நூடுல்ஸ் போலச் சுருண்டு கிடந்தது.

அக்கா பேசினார். அன்று அவர் அவ்வளவு பேசினார்.

"முதல்ல கை வரவே இல்லை. நீங்க சாய்வு மாறியிருக்குன்னு அன்னைக்கே சொன்னீங்க. அப்ப அது தப்பாத்தானே இருக்கணும்? நான் தைச்சுப் பழகினவ இல்லை. சொன்னபடி செய்யணும்னு போட்டிருக்கு. சரின்னு கத்தரிக்கோல் படாம, ஊசி முனையால ஒவ்வொண்ணா எடுத்தேன். ஒரு நாளைக்கு மூணு வரிசை."

முதல் பையை எடுத்துக் காட்டினார். "இது அவ கடைசியா தைச்சது. பாருங்க, லூசு லூசா இருக்கு. சும்மா இழுத்தாலே வந்துடுச்சு. அந்த வாரம் பிரஷர் இறங்கி இறங்கிப் போகும். நர்ஸ் ஓடி வருவா." பிறகு கடைசிப் பை. "இது ஆரம்பத்துல தைச்சது. எவ்வளவு இறுக்கம்! ஊசி நுழையவே இல்லை. பிரிக்கப் பிரிக்க அவவுக்குச் சுகமாயிட்டே வந்துச்சு, பிள்ளை."

தனியாக வைத்திருந்த இன்னொரு பையில் நூல் இல்லை. ஒரு தலைமுடி மட்டும் இருந்தது. தையலுக்குள் மாட்டிக்கொண்டு இருந்ததாம்.

"அடுத்தது மும்மூணா சேர்த்துத் தைக்கணும்னு போட்டிருக்கு. அது எனக்கு விளங்கல. இதே நூலாலதானே திருப்பித் தைக்கிறது?"

அந்த நூலால் தைக்க முடியாது. ஒரு தடவை கேன்வாஸ் கண்ணில் போய் வந்த நூல் நைந்து நார் விட்டுவிடும். இதைக்கூட நான் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்க்கா," என்று எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்தார். "ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரியா இருக்கு? நான் சரியாத்தானே செஞ்சேன்?"

"நீங்க சரியாத்தான்க்கா செஞ்சீங்க," என்றேன். அது பொய்யில்லை.

காரில் ஏறியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சமிக்ஞை விளக்கு பச்சையானதும் காரை எடுத்தார். "சொல்லாம விட்டுடு," என்றார் பிறகு. "சாய்வு சரியில்லை, அதான் பிரிக்கச் சொன்னாங்கன்னு அவங்களே நினைச்சுக்கிட்டாங்க. அதுல ஒரு நிம்மதி இருக்கு. நீ போய்ச் சொன்னா அதுவும் போச்சு. யாருக்கு என்ன லாபம்?"

"அவங்க நாளைக்கு இன்னொரு தையல்காரியக் கேட்டா?"

"கேட்டா கேக்கட்டுமேலா. உனக்கு எல்லாத்தையும் எழுதி ஒட்டி வைக்கணும்."

ஐந்து நாள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்த ஐந்து நாளும் டைரியில் வானிலையும் சந்தைக்குப் போனதும் மட்டும் இருக்கின்றன. கொடுத்த வழிகாட்டிகளின் நகல்களைக் கோப்பில் வைத்திருப்பேன். பதினோராவது வரியை அக்காவின் கண்ணால் படித்துப் பார்த்தேன். வேறு எந்தப் பொருளும் வரவில்லை. நான் சொல்ல நினைத்தது அந்த வரியில் எங்குமே இல்லை. பெரிய எழுத்தில், பிழையில்லாமல், ஒரு பெண்ணிடம் அவள் தங்கையின் கைவேலையைப் பிரித்துப் போடச் சொல்லியிருந்தேன். அவர் தயங்கிக் கேட்டபோதும் அதையே சொன்னேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் போனேன். அவர் விரல் தளரும் நேரம். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். பிரிக்கச் சொன்னது தையலை இல்லை, புது நூலை என்று. ஒரு நூல் துண்டை எடுத்து இழை இழையாக உருவிக் காட்டினேன். ஆறு இழையும் மேசை மேல் தனித்தனியாகக் கிடந்தன. சாய்வு தப்பில்லை என்றும் சொன்னேன். அது உங்கள் தங்கையின் கை. அதைப் பார்த்துத்தான் உங்களுக்கும் அதே சாய்வை எழுதினேன் என்றேன்.

அக்கா அந்த ஆறு இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போன்ல கேட்டேன், இல்லையா?"

"கேட்டீங்கக்கா."

"மனசு வரலைன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"கொஞ்சம் விட்டு வைக்கலாமான்னும் கேட்டேன்."

"ஆமாக்கா."

எழுந்து உள்ளே போனார். திட்டப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று நின்றேன். வழிகாட்டியோடு வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். தாளை உருவி மேசையில் வைத்து, ஒரு கறுப்புப் பேனாவை அதன் மேல் வைத்தார்.

"லேப்ல ரிசல்ட் தப்பா எழுதிட்டா நாங்க அழிக்க மாட்டோம். மேல வெள்ளை பூச மாட்டோம். ஒரே கோடு. தப்பா எழுதினது என்னன்னு கீழே வாசிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானது. கையெழுத்து, தேதி. போடுங்க."

போட்டேன். என் கை நேராகக் கோடு போடும் கை. அன்றும் நேராகத்தான் வந்தது. "நீலத்தை முழுவதும் பிரிக்கவும்" என்பதன் மேல் ஒரே கோடு. பக்கத்தில் ஓரத்தில் இடம் குறைவு. எழுத்தைச் சிறிதாக்கி, "புதிய நீல நூலின் ஆறு இழைகளையும் பிரிக்கவும்" என்று எழுதினேன். கையெழுத்து, தேதி.

அவர் அதை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து முழுவதும் வாசித்தார். "ஓம். இப்ப விளங்குது," என்றார். தாளை மறுபடி உறைக்குள் போட்டார். "நீங்க போங்க, பிள்ளை. நான் கொஞ்சம் படுக்கணும்."

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு தடவை புக்கிட் காத்தில் வழியாகப் போக வேண்டியிருந்தது, சுற்றிப் போனேன். அந்த நாள்களில் வேறு யாருக்கும் வழிகாட்டி எழுதவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டு நினைவு நெருங்கும் வாரத்தில் அக்காவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கேன்வாஸ் சட்டம் போட்டு, ஒரு கட்டிலுக்கு மேல் சுவரில் மாட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சன்னல் முடிந்திருந்தது. பூச்சட்டி கொஞ்சம் கோணல். கரையில் ஓரிடத்தில் பச்சை இரண்டு வரிசை தப்பியிருந்தது. வானம் மூன்று இழையில் தட்டையாகப் படிந்திருந்தது. எல்லாத் தையலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

கடலில் ஒன்றும் இல்லை. வெறும் வண்ணமும் அகன்ற கண்களும்தான். கண்ணாடிக்கு உள்ளே அது பழைய கொசுவலை போலத் தெரிந்தது.

படத்துக்குக் கீழே ஒரு வரி: "கடலுக்கு எதுவும் எழுத வேண்டாம்."

பதில் எழுதப் பார்த்தேன். நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன். எந்த வரியை எழுதினாலும் அதை அவர் எப்படியெல்லாம் வாசிக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் அனுப்பவில்லை.

அன்று பழைய டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். காலை 10.20. நீலம் பற்றிச் சந்தேகம். "தெளிவுபடுத்தினேன்" என்பதன் மேல் ஒரே கோடு போட்டேன். கீழே இருப்பது வாசிக்கத் தெரிகிறது. பக்கத்தில் சரியான சொல்லை எழுத வேண்டும். சொல்லவில்லை என்று எழுத முடியாது, சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்றும் எழுத முடியாது, கேட்டேன். பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கையெழுத்தும் தேதியும் மட்டும் போட்டு மூடி வைத்தேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.